இரண்டு கை உப்பு

மரக்காணம்
28 ஜூன் 2024

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான், மாமி, ஹசீனா மூன்று பேரும் நலம். நீங்களும் நலம் என்று காலையில் போனில் சொன்னீர்கள். எழுத்திலும் ஒருமுறை சொல்லுங்கள், அப்போது நம்புகிறேன்.

பார்சல் தயாரா என்று கேட்க வந்த கிளியனூர் கலையரசன் அண்ணன், நான் கடிதம் எழுதுவதைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, டெய்லி வீடியோ கால்ல மூஞ்சியப் பாத்துட்டுதான இருக்கீங்க, இது வேறயா?" என்றார். மாதம் ஒரு தடவை சென்னைக்கும் ஷார்ஜாவுக்கும் சாமான் தூக்கிக்கொண்டு பறக்கிறவருக்கு நம் கஷ்டம் எங்கே தெரியும்? போன் எடுத்தால் உங்களைச் சுற்றி ஒரு கேம்ப் நிற்கிறது, என்னைச் சுற்றி ஒரு தெரு நிற்கிறது. "சாப்ட்டியா, தூங்கினியா" என்பதற்கு மேல் புருஷனும் பொண்டாட்டியும் என்ன பேச முடிகிறது? பார்சலுக்குள் கடிதம் என்று கல்யாணமான புதிதில் நாம் செய்துகொண்ட ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது.

பக்ரீத் குர்பானிக் கறியில் உங்களுக்கென்று நல்ல இடமாகப் பார்த்து மாமி தனியாக எடுத்து வைத்தார். மஞ்சளும் கல்லுப்பும் பிசறி, நூலில் கோத்து, மொட்டை மாடியில் கட்டி உப்புக்கண்டம் போட்டிருக்கிறோம். காக்காயை விரட்ட உடைந்த குடையை விரித்துத் தொங்கவிட்டேன். காக்காய்க்குப் பயமே இல்லை, குடைக்கு மேலேயே வந்து உட்கார்ந்தது. கடைசியில் மாமியே ஒரு கழியோடு காவல் இருந்தார். "எம் புள்ளைக்குப் போறதுல உனக்கு என்னா பங்கு?" என்று அதோடு ஒரே சண்டை.

கூடவே நெத்திலிக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கின்றன. கருவாட்டை மூன்று கவரில் சுற்றியிருக்கிறேன். போன தடவை தன் சட்டையெல்லாம் நாறிப்போனது என்று கலையரசன் அண்ணன் பஞ்சாயத்து வைத்தார். நீங்கள் கேட்ட குருமாப் பொடியில் கசகசா போடவில்லை, அங்கே அதற்குத் தடை என்று ஞாபகம் இருக்கிறது, பயப்படாமல் வாங்குங்கள்.

சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று விவரமாக எழுதுங்கள். "நல்லா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் மாமி ஒத்துக்கொள்ள மாட்டார்.

உங்களுக்காக துஆ செய்யும்,
ஆரிஃபா


ஷார்ஜா
24 ஜூலை 2024

என் ஆரிஃபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நலமாக இருக்கிறேன். இதோ எழுத்தில் சொல்லிவிட்டேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் மகள் ஹசீனா பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா?

பார்சல் பத்திரமாக வந்தது. விவரமாக எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. உப்புக்கண்டத்தைத் தட்டி, எண்ணெயில் பொரித்து, சின்ன வெங்காயம் போட்டுப் புரட்டினோம். முதலில் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நிற்கிறது, அப்புறம் விட்டுக்கொடுக்கிறது. ரசம் சோற்றுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. நெத்திலி வறுக்கும்போது பக்கத்து ரூம்காரர்களெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார்கள். எலுமிச்சையில் தோல் நன்றாக ஊறி வெண்ணெயாக இருக்கிறது. காரம் பின்னால்தான் வருகிறது.

என் ரூமில் செல்லப்பன் இருக்கிறானே, வானூர்க்காரன், அவன் எலும்பைக்கூட விடவில்லை. "டேய் ஃபாரிஸு, உங்கூட்டு அம்மா கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா" என்கிறான்.

இங்கே வெயில் சொல்லி முடியாது. குடோனுக்குள் ஏசி இருப்பதால் தப்பித்தோம். உப்பளத்து வெயிலில் லோடு ஏற்றியவன் இதற்கெல்லாம் அசருவேனா?

நீயும் வேளைக்குச் சாப்பிடு. எல்லோருக்கும் என் சலாம்.

உன் ஃபாரிஸ்


மரக்காணம்
21 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சான்,

உங்கள் மீது அமைதி உண்டாகட்டும். இங்கே சுகம். மாமிக்கு முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. காரணம் உங்கள் கடிதம்தான். "பல்லுக்கு எதிர்த்து நிக்குதாமே" என்று தெருவில் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீன் விற்க வருகிற அம்மாவைக்கூட விடவில்லை. நானும் இத்தனை வருஷமாகப் பொங்கிப் போட்டிருக்கிறேன், எனக்கு இப்படி ஒரு வரி எழுதியதுண்டா? போகட்டும்.

அந்த உற்சாகத்தில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாயிற்று. ஒரு பாட்டில் உங்களுக்கு வருகிறது. மாமியின் சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே, ஊறி முடிக்கும்வரை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, வைத்தால் கெட்டுப்போகும். அதனால் இங்கே ஜாடிக்குத் துணி கட்டி வைத்திருக்கிறோம். நீங்களும் செப்டம்பர் பிறந்த பிறகு திறவுங்கள்.

போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில் உங்கள் முகம் உப்பின மாதிரி தெரிந்தது. கழுத்து மட்டும் இளைத்திருக்கிறது. மாமி பக்கத்தில் இருந்ததால் நான் கேட்கவில்லை. அவர் வழக்கம்போல "சாப்பிட உக்காரும்போது உப்பு தொட்டியாப்பா?" என்று கேட்டார். "தொட்டேம்மா" என்றீர்கள். பிஸ்மி சொல்லி ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும் என்று உங்கள் அத்தா பழக்கிய பழக்கம். உப்பு மூட்டை தூக்கிப் பிள்ளை வளர்த்த மனுஷர் அல்லவா. நீங்கள் விமானம் ஏறப் போகும்போதும் வாசற்படியில் நிறுத்தி மாமி உங்கள் நாக்கில் உப்பு வைத்தாரே, அந்த மரக்கிண்ணம் சாப்பிடுகிற இடத்தில் அப்படியே இருக்கிறது.

முகம் ஏன் உப்பியிருக்கிறது? எனக்கு மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் ஆரிஃபா


ஷார்ஜா
12 செப்டம்பர் 2024

அன்புள்ள ஆரிஃபா,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

கலையரசனுக்கு இந்தத் தடவை திடீரென்று டிக்கெட் மாறிவிட்டதாம். கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். அவசரமாக எழுதுகிறேன்.

நார்த்தங்காய் பிரமாதம். உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் அளந்து போட்ட மாதிரி இருக்கிறது. அதிலும் உப்பு அவ்வளவு சரி, ஒரு கல் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. தயிர்ச் சோற்றுக்கு வைத்துச் சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல்.

முகம் உப்பவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வரை தூங்கினேன், அதுதான் அப்படித் தெரிந்திருக்கும். அந்த போன் கேமராவும் ஒரு தினுசு.

டிசம்பரில் வருவதாகச் சொன்னேன் அல்லவா, இந்த வருஷம் லீவு கிடைக்காது போலிருக்கிறது. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் ஃபாரிஸ்


மரக்காணம்
3 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. உங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று நம் வீட்டு நார்த்தங்காய் ஜாடியைத் திறந்தோம். மாமி ஒரு துண்டை வாயில் போட்டார். போட்ட வேகத்தில் துப்பிவிட்டு, அடுக்களைக்கு ஓடி ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். நானும் நுனியில் தொட்டுப் பார்த்தேன், நாக்கு மரத்துப்போயிற்று. பிறகு உட்கார்ந்து யோசித்ததில்தான் விஷயம் வெளிவந்தது. அன்றைக்கு மாமி நறுக்கின காயில் உப்புப் போட்டு வைத்துவிட்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார். அது தெரியாமல் நானும் என் கையால் ஒரு பங்கு உப்பை அள்ளிப் போட்டுக் குலுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் உப்பும் ஒரே ஜாடியில். யாரும் ருசி பார்க்கக் கூடாது என்ற சட்டத்தால் யாருக்கும் தெரியவில்லை.

"அய்யோ, எம் புள்ளைக்கும் இதத்தான அனுப்பிட்டோம்" என்று மாமி தலையில் கை வைத்தார். "இல்ல மாமி, அவருக்கு வேற காய்ல தனியா போட்டேன்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். உப்பு அவ்வளவு சரி என்று நீங்கள் எழுதியதை நான்தானே அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

உண்மையில் உங்களுக்கு வந்ததும் இதே ஜாடிதான். ஒரு கல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லையா?

நீங்கள் அதை வாயில் வைக்கவில்லை. அப்படியென்றால் இதற்கு முன்னால் அனுப்பியதெல்லாம் என்னவாயிற்று? எங்கள் கைச் சமையல் பிடிக்காமல் போய்விட்டதா? அல்லது அங்கே வேறு யாராவது உங்களுக்கு வாய்க்கு ருசியாகப் பொங்கிப் போடுகிறார்களா? கேட்கக் கூடாததுதான். போனில் கேட்டால் தெருவே கேட்கும், அதனால் எழுதிக் கேட்கிறேன். எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லிவிடுங்கள். மனசு ஒரு நிலையில் இல்லை.

ஆரிஃபா


ஷார்ஜா
27 அக்டோபர் 2024

ஆரிஃபா,

ஸலாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அந்தச் சமயம் எனக்குச் சளி பிடித்து நாக்கில் ருசியே தெரியவில்லை. அதுதான் விஷயம். வேறு யார் எனக்குப் பொங்கிப் போடப் போகிறார்கள்? அந்த மாதிரி நினைப்பை விட்டுவிடு, அல்லாஹ் அறிய அப்படி ஒன்றும் இல்லை.

இதற்காகப் பார்சலை மட்டும் நிறுத்திவிடாதே. கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, மாதாமாதம் அனுப்பு.

ஃபாரிஸ்


மரக்காணம்
9 நவம்பர் 2024

செல்லப்பன் அண்ணனுக்கு,

ஃபாரிஸின் மனைவி ஆரிஃபா எழுதுவது. வணக்கம். வானூரில் அண்ணியும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் வந்தபோது உங்கள் வீட்டுக்கு வர நினைத்தேன், பஸ் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தைத் தனியாக உங்கள் கையில் கொடுக்கச் சொல்லிக் கலையரசன் அண்ணனிடம் கெஞ்சி அனுப்புகிறேன். ஒரே ஒரு கேள்விதான். நான் அனுப்புகிற சாப்பாட்டை அவர் சாப்பிடுகிறாரா?

சாப்பிடவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள். கெட்ட சேதியாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். இந்த ஒரு மாதமாகப் போனில் சிரித்துப் பேசிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் அழுகிறேன். தங்கச்சியாக நினைத்து உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
ஆரிஃபா


ஷார்ஜா
8 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சி ஆரிஃபாவுக்கு,

செல்லப்பன் அண்ணன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். புயல் நம்ம பக்கம்தான் கரை ஏறிச்சுன்னு டிவியில பார்த்ததுல இருந்து ரெண்டு நாள் நாங்க யாரும் சோறு திங்கல. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலைன்னு ஃபாரிஸ் சொன்னான். எங்க வீட்டுல ஓடு பறந்ததோட போச்சு.

எனக்கு உங்களைப் போல எழுத வராது, பேசுற மாதிரியே எழுதறேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கேட்டதுக்குப் பதில். அவன் சாப்பிடல. இந்த வருஷம் முழுக்க நீங்க அனுப்புனதையெல்லாம் தின்னது நான்தான். மத்த ரூம்காரங்களுக்கும் பங்கு உண்டு, ஆனா பெரிய பங்கு எனக்கு.

நீங்க நினைக்கிற மாதிரி வேற எதுவும் கிடையாது. அவனுக்குக் கிட்னியில கோளாறு. பிப்ரவரியில காலு ரெண்டும் வீங்கிப் போய் குடோன்ல உக்காந்துட்டான். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரஷர் எக்கச்சக்கமா இருக்குது, கிட்னி பாதிதான் வேலை செய்யுதுன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. உப்பை அடியோட குறைக்கணும், ஊறுகா, கருவாடு, உப்புக்கண்டம் கண்ணால பார்க்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னையில இருந்து உப்பில்லாத சோறுதான். பார்க்கவே எனக்கு வயிறு எரியும்.

ஊருக்குச் சொல்லுடான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். சொல்லமாட்டான். என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான். பார்சல் வந்தா அவன்தான் பிரிப்பான். கவரைத் திறந்து மோந்து பார்ப்பான். ரொம்ப நேரம் மோந்து பார்ப்பான். அப்புறம் தானே வறுத்து எங்க தட்டுல வச்சிட்டு, நோட்டை எடுத்துட்டு எதுக்க உக்காந்துக்குவான். "சொல்றா, எப்படி இருக்குது? பல்லுக்கு எப்படி? காரம் முன்னாடியா பின்னாடியா?"ன்னு பரீட்சை வைப்பான். நான் சொல்லச் சொல்ல எழுதிக்குவான். அவன் உங்களுக்கு எழுதுன ருசி எல்லாம் என் வாய் ருசி, தங்கச்சி.

நார்த்தங்காயில மட்டும்தான் மாட்டிக்கிட்டான். கலையரசன் கீழ நின்னு கத்துறான், நான் அன்னிக்கு டூட்டியில இருந்தேன். கேக்க ஆள் இல்லாம அவனே கற்பனையா எழுதிட்டான். சாயந்திரம் நான் வந்து வாயில வச்சிட்டு அலறினதும்தான் அவனுக்கு விஷயம் தெரிஞ்சுது. வீணாக்க மனசு வரல, ரெண்டு மூணு தண்ணி சுடவச்சு அலசித் தின்னு தீர்த்தேன்.

சத்தியத்தை மீறிட்டேன். உங்க வீட்டு உப்பை இவ்வளவு தின்னுட்டு உங்ககிட்டயே மறைச்சா எனக்கு அடுக்காது. அவனை எப்படியாவது ஊருக்குக் கூப்புட்டுக்குங்க. இங்க இருந்தா உடம்பைக் கெடுத்துக்குவான்.

அண்ணன்,
செல்லப்பன்


மரக்காணம்
22 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு எல்லாம் தெரியும். செல்லப்பன் அண்ணனைத் திட்டாதீர்கள். திட்டினால் இனி உங்களுக்குக் கடிதமே எழுதமாட்டேன்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கால் வீங்கி உட்கார்ந்த மனுஷர் என்னிடம் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவன் வாயைப் பார்த்து ருசி எழுதிக்கொண்டிருந்தீர்களா? நான் உங்களுக்கு யார்? பார்சல் கட்டித் தருகிற ஆளா? எவளோ ஒருத்தி இருக்கிறாளோ என்று நினைத்து வயிற்றெரிச்சலில் கருகினேனே, அந்தப் பாவத்தை யார் தலையில் போடுவது?

இங்கே உப்பளமெல்லாம் இன்னும் வெள்ளக்காடாகத்தான் இருக்கிறது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு புயலில் கரைந்து ஓடிவிட்டது. வேலையில்லாமல் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் உப்புப் போயிற்றே என்று அழுகிறார்கள். நான் மட்டும் உப்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

போன வாரம் புதுச்சேரிக்குப் போய் ஒரு கிட்னி டாக்டரைப் பார்த்தேன். என் பேரில் சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய், "எனக்கு இல்லீங்க, எங்கூட்டுக்காரருக்கு" என்றேன். "அவரு எங்கம்மா?" என்றார். "ஷார்ஜாவுல." டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆள அங்க வச்சிட்டு இங்க எதம்மா நான் பாக்குறது?" என்று திட்டினார். திட்டி முடித்தபின் பொறுமையாகச் சொன்னார். ரிப்போர்ட்டோடு சீக்கிரம் ஆளைக் கூட்டி வர வேண்டும். ஒழுங்காக மாத்திரையும் உப்பில்லாச் சாப்பாடும் இருந்தால் மீதி இருக்கிற கிட்னியைப் பல வருஷம் காப்பாற்றலாம். இழுத்தடித்தால் சுத்தமாகப் போய்விடும். அப்புறம் மிஷின்தான். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷர் சொல்ல முடியாது.

இந்தப் பார்சலில் இருப்பது முழுக்க உங்களுக்கு, உங்களுக்கு மட்டும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். அரிசி மாவில் மிளகும் ஓமமும் பூண்டும் தட்டிப் போட்ட தட்டை. உப்பு ஒரு துளி இல்லை. முதல் ஈடு மண்ணாக இருந்தது. இரண்டாவது ஈட்டில் மிளகு தூக்கலாகி ஹசீனா கண்ணில் தண்ணீர் விட்டாள். பூண்டை வறுத்துச் சேர்த்த பிறகுதான் வாய்க்குப் பிடித்தது. மாமி ஒன்றைக் கடித்துவிட்டு, "என்னாடி, உப்ப மறந்துட்டியா? நார்த்தங்காய்க்குச் சேர்த்து இதுல கொறச்சிட்டியா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். அவருக்கு இன்னும் தெரியாது.

நோன்பு பிறப்பதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வேலை, சாமான், சாக்கு எதுவும் வேண்டாம். நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

உங்கள் ஆரிஃபா


ஷார்ஜா
17 ஜனவரி 2025

என் ஆரிஃபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இந்தத் தடவை நலம் என்று எழுதப் போவதில்லை. காலில் வீக்கம் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாத்திரை தவறாமல் போடுகிறேன். இதுதான் உண்மை.

செல்லப்பனை நான் திட்டவில்லை. அவன்தான் என்னைத் திட்டினான். திட்டிவிட்டு அழுதான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அம்மாவுக்குப் பயந்தேன். உப்பு மூட்டை தூக்கி அத்தா வளர்த்த பிள்ளைக்கு உப்பு ஆகாது என்று எந்த வாயால் அவரிடம் சொல்வது? ஊருக்கு வந்தால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்வது என்ற பயமும் இருந்தது. ஆனால் இதெல்லாம் பாதிக் காரணம்தான். மீதியைச் சொன்னால் சிரிக்காதே.

உண்மையைச் சொன்னால் பார்சல் நின்றுவிடும் என்று பயந்தேன். சாப்பிட முடியாதவனுக்கு யார் பார்சல் கட்டி அனுப்புவார்கள்? நீ டேப்பை இழுத்து ஒட்டியிருப்பாய், பிரிக்கவே வராது. அம்மா பழைய துணியில் முடிச்சுப் போட்டிருப்பார். அந்த முடிச்சு அவர் முடிச்சு என்று எனக்குத் தெரியும். கவரைத் திறந்ததும் நம் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உப்பில்லாச் சோற்றைத் தின்றுவிடுவேன். மாதத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன். அதை விட மனசு வரவில்லை ஆரிஃபா. உன்னைச் சந்தேகப்படவும் அழவும் வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

தட்டை வந்தது. மோந்து பார்த்தேன், பழக்கம். பிறகு ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். மிளகு முதலில் தெரிந்தது, பூண்டு கடைசிவரை நின்றது. இது யாரும் சொல்லி எழுதுவதல்ல, என் நாக்கு சொல்வது. ஒரு வருஷம் கழித்து உன் கையால் செய்ததைத் தின்கிறேன். செல்லப்பன் கையை நீட்டினான். "போடா, இது எனக்கு" என்று டப்பாவை மூடிவிட்டேன். அதற்கு அவன் எப்படிச் சிரித்தான் தெரியுமா?

கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி கடைசி வாரம் டிக்கெட். ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் மட்டும் நீ சொல்லிவிடு. வாசற்படியில் கிண்ணத்தோடு நிற்பார், நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டி வரும். அதை என்னால் தாங்க முடியாது.

உன் ஃபாரிஸ்


மரக்காணம்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். கலையரசன் அண்ணன் கையில் நான் கொடுக்கிற கடைசிக் கடிதம் இதுவாக இருக்கட்டும்.

மாமியிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம், ஹசீனா பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கிட்னிக் கோளாறையும் உப்பு ஆகாது என்பதையும் சொன்னேன். "அப்ப போன வருசம் பூரா எம் புள்ளைக்கு நானே வெசத்தக் கட்டி அனுப்பிட்டனா?" என்றார்.

"இல்ல மாமி, அவரு ஒரு துண்டுகூட வாயில வைக்கல."

"பொய் சொல்லாத. பல்லுக்கு எதிர்த்து நிக்குதுன்னு எழுதினானே?"

"அது செல்லப்பன் அண்ணன் பல்லு மாமி."

நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னேன். மாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "திங்கலியே? சத்தியமா எம் புள்ள திங்கலியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன் கையால் செய்ததைப் பிள்ளை தின்னவில்லை என்பதற்கு ஒரு தாய் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததே இல்லை. அழுதுகொண்டே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "அந்தச் செல்லப்பன் புள்ள நல்லா இருக்கணும். அதுக்கு இனிமே மாசாமாசம் நான் அனுப்புறேன்" என்றார். சொன்னபடியே இந்தப் பார்சலில் அண்ணனுக்கென்று ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய் வருகிறது. உப்பு ஒரு தடவைதான் போட்டிருக்கிறோம். மாமி போடும்போது நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். என்னைத் தொடவே விடவில்லை.

புதுச்சேரி டாக்டரிடம் மார்ச் முதல் வாரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நோன்பு நீங்கள் பிடிக்கலாமா கூடாதா என்பதை அவர் சொல்லட்டும், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வேலையைப் பற்றி இப்போதைக்கு நினைக்காதீர்கள். நான் உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். தண்ணீர் வடிந்து உப்பளத்தில் மறுபடி பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதத்தில் வாசற்படியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் மாமிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். மாமி அந்த மரக்கிண்ணத்தை என் முன்னால் நீட்டி, "பிஸ்மி சொல்லித் தொட்டுக்க" என்றார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். இனித்தது. கிண்ணத்தைக் கழுவிக் காயவைத்து, உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டு வைத்திருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாரும் இப்பவே பழகிக்கங்க. அவன் வந்து நிக்கும்போது, அவனுக்கு மட்டும் தனியா வச்சதா தெரியக் கூடாது" என்றார்.

வாருங்கள் மச்சான். வாயைத் திறந்துகொண்டே வாருங்கள்.

உங்கள் ஆரிஃபா